அரைக்கடத்தியில் போட்ட பணம்

“வெள்ளிக்கிழமை புது மாவு மிஷின் எடுத்துடலாம். வியாழக்கிழமையே பணத்தை எடுத்துட்டு வந்துடுங்க” என்று மனைவி சொன்னபோது அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த நுரையில் பாதி உள்ளே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, “எந்தப் பணம்?” என்றார்.

“எந்தப் பணமா? நாலு வருஷமா மாவு அரைச்சு வித்துச் சேர்த்தேனே, அந்தப் பணம். பேங்க்ல போட்டு வைங்கன்னு உங்க கையில கொடுத்தேனே, அந்தப் பணம்.”

“ஓ, அந்தப் பணமா” என்றவர் மறுபடி பல் தேய்க்க ஆரம்பித்தார். அவர் தேய்த்த வேகத்தில் பிரஷ்ஷில் இருந்த முடியெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பணம் பேங்கில் இல்லை. அது அரைக்கடத்தியில் இருந்தது.

அவர் ஒரு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபது வருடமாக அச்சகத்தில் அவருக்குப் பெயர் ‘ஒற்று’. எந்த இடத்தில் க், ச், த், ப் போட வேண்டும், எந்த இடத்தில் போடக் கூடாது என்பதில் அவ்வளவு கறார். தன் கல்யாணப் பத்திரிகையில் ஒரு ‘ப்’ விட்டுப்போயிருப்பதைக் கல்யாணத்தன்று காலையில்தான் கண்டுபிடித்தார். வந்த எண்ணூறு பேரிடமும் வாசலிலேயே பத்திரிகையை வாங்கி, சிவப்பு மையால் திருத்தி, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு இரண்டு கொள்கைகள். ஜ, ஷ, ஸ, ஹ என்ற எழுத்துகளை வாயால் சொல்வார், கையால் எழுத மாட்டார். அடுத்தது, வரி முடியும் இடத்தில் ஒரு சொல்லை மடக்க நேர்ந்தால் நடுவில் சின்னக் கோடு போடக் கூடாது. “தமிழ் என்ன நொண்டியா? எதுக்குய்யா அதுக்கு ஒரு ஊன்றுகோல்?” என்று அச்சுக் கோப்பவர்களிடம் தினம் ஒரு சண்டை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பௌதிகப் புத்தகம் திருத்த வந்தது. அதில்தான் அரைக்கடத்தியைப் பார்த்தார். மின்சாரத்தை முழுசாக விடவும் விடாதாம், முழுசாகத் தடுக்கவும் தடுக்காதாம். ‘நம் மேலாளரைப் போல’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு அழித்தார். கம்ப்யூட்டர், கைப்பேசி, கார் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் சில்லு இதில்தான் செய்யப்படுகிறது என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைக் குறைக்கடத்தி என்றும் சொல்வார்கள். ‘குறை’ என்று தொடங்கும் எதிலும் ஒரு மனிதன் பணம் போடலாமா? ஆகவே அரைக்கடத்தி என்ற சொல்லையே பிடித்துக்கொண்டார்.

அதே வாரம் பங்குச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. சில்லு செய்கிற கம்பெனிகள், அந்தச் சில்லைச் செய்வதற்கான கருவிகளைச் செய்கிற கம்பெனிகள், எல்லாமே மலிவாகக் கிடக்கின்றன என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஒற்று ஒரு கணக்குப் போட்டார். சில்லு செய்கிறவன் ஜெயிக்கலாம், தோற்கலாம். ஆனால் எவனாக இருந்தாலும் கருவியை வாங்கித்தானே ஆக வேண்டும்? அந்தக் கருவியைச் செய்கிறவனுக்கு என்ன கவலை? இப்போது வாங்கிப் போட்டால் சந்தை எழுந்திருக்கும்போது இரண்டு மடங்கு. மனைவி கேட்கிற மிஷினைவிட ஒரு அளவு பெரிதாகவே வாங்கி, வாசலில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்கலாம்.

பங்குத் தரகர் அலுவலகத்தில் ஒரு அம்மாள் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிற ரகம். ஒரு படிவத்தைக் கொடுத்து, “எந்தக் கம்பெனின்னு இதுல எழுதிடுங்க சார்” என்றார்.

அங்கேதான் சிக்கல். ஒற்றுவுக்குக் கம்பெனியின் பெயர் தெரியும். ஆனால் அதில் ஒரு ஜ, இரண்டு ஸ, நட்டநடுவில் ஒரு ஹ. அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் பெயரையே எழுதாமல், ‘அரைக்கடத்திக் கருவிகள் செய்வதில் முதலிடத்தில் இருக்கும் நிறுவனம்’ என்று எழுதினார். கட்டமோ தீப்பெட்டி அகலம். அவர் எழுத்தோ ஒவ்வொன்றும் பலகை எழுத்து. சொல் மடங்கி மடங்கி ஒன்பது வரிக்குப் போயிற்று. ஒரு இடத்திலும் கோடு போடவில்லை.

அம்மாள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“புரிஞ்சுதாம்மா?”

“புரியாம என்ன சார்.”

“வீட்டுக்கு ஒரு காகிதம் வரக் கூடாது. போனுக்கு ஒரு மெசேஜ் வரக் கூடாது. அந்த போன்லதான் என் வீட்டுக்காரி மாவு ஆர்டர் எடுக்கிறா.”

“எல்லாத்தையும் நானே இங்க எடுத்து வைக்கிறேன் சார்.”

முதலில் பாதிப் பணம் போட்டார். அன்றிலிருந்து அச்சகத்துக்கு வரும் பத்திரிகையில் அந்த ஜ-ஸ-ஹ கம்பெனியின் விலையைத் தினமும் பார்த்தார். அது தினமும் இறங்கியது. மூன்று மாதத்தில் கால் பங்கு கரைந்தது. ஒற்று அசரவில்லை. போன் செய்து, “மீதிப் பணத்துக்கும் அதையே வாங்குங்க” என்றார்.

“இந்த விலையிலயா சார்?”

“இந்த விலையிலதாம்மா வாங்கணும்.”

“உங்க தைரியம் எனக்கு வராது சார்” என்றார் அம்மாள்.

இப்போது பத்திரிகை விலைப்படி பார்த்தால் பணம் பாதிக்கும் கீழே. இன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழனுக்கு மூன்று நாள்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, முதல் பொய்யைச் சொன்னார்.

“ஏம்மா, நீ சொல்றது அந்தப் பச்சை மிஷின்தானே? அதுல கல்லு சீக்கிரம் தேஞ்சுடுதாமே. எங்க அச்சகத்துல பேசிக்கிட்டாங்க.”

மாவு மிஷின் என்றாலே பச்சைதான். ஒரே கம்பெனி, ஒரே பச்சை. மனைவி வைத்திருப்பது அந்தக் கம்பெனியின் சின்ன மிஷின், பன்னிரண்டு வருடப் பழசு. பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஓய்வெடுக்கும். ஓடும்போது வீட்டில் யாரும் யாரையும் திட்ட முடியாது, காதில் விழாது.

மனைவி எதையும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை. பக்கத்துத் தெருவில் பெரிய பச்சை மிஷின் வைத்திருக்கும் தையல்காரர் மனைவியைப் போய்ப் பார்த்தாள். கல்லைக் கழற்றித் தடவிப் பார்த்தாள். சாயங்காலம் வந்து சொன்னாள்.

“அவங்க கல்லு என் மாமியார் மனசு மாதிரி இருக்குங்க. ஒரு தேய்மானம் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கீங்கன்னு கேட்டாங்க. விலை மறுபடி ஏறப் போகுதாம். ஆறு மாசத்துல மூணு தடவை ஏத்திட்டான். நீங்க நாளைக்கே கடையில போய் ஒண்ணைப் பிடிச்சு வைங்க.”

“மூணு தடவையா? கொள்ளைக்காரப் பசங்க” என்றார் ஒற்று மனதார. “அந்தக் கம்பெனியில பணம் போட்டவன் ஒவ்வொருத்தனையும் வரிசையா நிக்கவெச்சு நாலு கேள்வி கேக்கணும்.”

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனார். கடைக்காரரைத் தனியாக ஒரு மிஷினுக்குப் பின்னால் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு உதவி பண்ணணும். என் வீட்டுக்காரி வந்து கேட்டா, ஸ்டாக் இல்ல, ஆறு மாசம் ஆகும்னு சொல்லிடுங்க.”

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “சார், அதை நான் பொய்யா வேற சொல்லணுமா? நிஜமாவே இல்ல. ஊர்ல எல்லா வியாபாரமும் படுத்துக் கிடக்கு. வேலை போனவன், கடையை மூடினவன் எல்லாம் வீட்டுலயே ஏதாவது அரைச்சு விக்க ஆரம்பிச்சுட்டான். லாரியிலிருந்து இறக்கறதுக்குள்ள பறந்துடுது.”

“அப்பாடா” என்றார் ஒற்று.

“புரியுது சார், புரியுது” என்று கடைக்காரர் அவர் தோளில் தட்டினார். “இப்படிக்கூட ஒருத்தர் நாசூக்காக் கேப்பாரா? இல்லன்னு சொல்லுங்கன்னு சொல்லி, எனக்குன்னு ஒண்ணு எடுத்து வைங்கன்னு கேக்கறீங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு இல்லாததா? நாளைக்குக் காலையில ஒண்ணு வருது. அது உங்க வீட்டு வாசல்லதான் இறங்கும். பணம் மறுநாள் கொடுத்தாப் போதும்.”

ஒற்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் மறுக்க மறுக்கக் கடைக்காரருக்குப் பாசம் கூடியது. கடைசியில் ஒரு அளவு பெரிய மிஷினாகவே அனுப்புவதாகச் சொல்லிக் கையைக் குலுக்கி அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்தவுடன் மனைவியின் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டார்.

அந்தப் படியின் மேல் பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன். சுங்கத் துறையில் முப்பது வருடம் பெட்டி சோதித்து, ஆறு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு இது நாலாவது மாதம். இன்னும் யாராவது பையோடு வீட்டுக்குள் வந்தால் கை தானாக நீளும். போன வாரம் தபால்காரரை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்.

அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

“அம்மா, நான்தான் பேசறேன். அந்த அரைக்கடத்தி விஷயம்... ஆமா, ரெண்டு தடவையா எடுத்தோமே, அதுதான்... என்னது? இதுக்கு மேலயும் போகுமா? இதுக்கு மேல போக என்னம்மா இருக்கு... வேணாம், இப்ப வெளியில எடுத்தா மாட்டிக்குவேன்... வீட்டுல யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு நாள் உள்ளேயே இருக்கட்டும். வியாழக்கிழமை நானே நேர்ல வரேன்.”

மச்சானுக்கு ஆறு வருடம் கழித்து உடம்பில் ரத்தம் ஓடியது. நேரே தங்கையிடம் போனார்.

“தங்கச்சி, நீ தைரியமா இருக்கணும். மாப்பிள்ளை கடத்தறார்.”

“எதைக் கடத்தறார்?”

“என்னன்னு தெரியல. ஆனா பாதியைக் கடத்தியாச்சு. அரைக் கடத்தல்னு அவர் வாயாலயே சொன்னார். மீதிப் பாதி உள்ளேயே இருக்காம். கூட்டாளி ஒரு பொம்பளை.”

மனைவி யோசித்தாள். “இவரா? பஸ்ஸுல டிக்கெட் எடுக்கும்போது எழுத்துப்பிழை பாக்கற மனுஷன்ணா இவரு.”

“அப்படிப்பட்டவங்கதான் நாங்க பிடிச்சதுல முக்கால்வாசிப் பேர். பணம் எங்கேன்னு கேட்டியே, நேராப் பதில் சொன்னாரா?”

அவர் பல் தேய்த்த விதம் மனைவிக்கு ஞாபகம் வந்தது.

புதன்கிழமை காலை ஒற்று எழுந்து வந்து பார்த்தால் முப்பத்திரண்டு மாவு டப்பாவும் மூடி திறந்து கிடந்தன. கோதுமையும் கேழ்வரகும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒவ்வொரு டப்பாவின் அடி வரைக்கும் ஒரு கை போய் வந்த அடையாளம்.

“எலி” என்றார் ஒற்று.

“எலிதான்” என்றார் முழங்கை வரை வெள்ளையாக இருந்த மச்சான்.

மனைவிக்காகத் தன்னால் இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய முடியும் என்று ஒற்று கடைக்குப் போய் ஆறு எலிப்பொறி வாங்கி வந்தார். இன்னும் மச்சானின் கை போகாமலிருந்த அரிசி டப்பாக்களுக்குள் ஒவ்வொன்றாகப் புதைத்து வைத்தார். பதினொரு மணிக்குச் சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மச்சான் இரண்டு விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு தங்கையிடம் வந்து, “சரக்குக்குக் காவல் போட்டிருக்கார்” என்றார். அவர் முகத்தில் வலியைவிட மரியாதைதான் அதிகம் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் லாரி நின்றது. பச்சை மிஷின் இறங்கியது. கதவுக்குள் நுழையவில்லை, கதவைக் கழற்றினார்கள். மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முந்தானையால் அதன் பெயர்ப் பலகையைத் துடைத்தாள். “நான் கேட்டதைவிடப் பெரிசாவே வாங்கிட்டீங்களா?” என்று கேட்டாள். சந்தேகமெல்லாம் ஒரு நிமிடம் அவள் முகத்திலிருந்து எங்கேயோ போய்விட்டது. ஒற்று ஆறு மாதமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பார்த்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

வியாழக்கிழமை காலையில் தரகர் அலுவலகத்துக்குப் போனார். என்ன விலைக்குப் போனாலும் விற்றுவிடுவது, குறைகிற பணத்துக்கு அச்சகத்தில் கையேந்துவது என்று முடிவு. பின்னாலேயே தெருவில் ஒரு ஹெல்மெட்டும் ஒரு குடையும் நடந்து வந்தன. மழையும் இல்லை, வண்டியும் இல்லை.

“எல்லாத்தையும் வித்துடுங்கம்மா” என்று அவர் மேஜை மேல் கையை வைத்ததும் ஹெல்மெட் பேசியது.

“கையை எடுக்காதீங்க மாப்பிள்ளை. மேஜை மேலயே இருக்கட்டும்.”

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “யாரு சார் இவங்க?”

“என் குடும்பம்மா.”

மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டுப் போட்ட விரலை நீட்டினார். “பாதியைக் கடத்தியாச்சு, தெரியும். மீதிப் பாதி எங்கே? அரைக் கடத்தல்னு நீங்களே சொன்னீங்க.”

“கடத்தல் இல்ல மச்சான், கடத்தி. அரைக்கடத்தி. அது ஒரே சொல்லு” என்றார் ஒற்று. அந்த நிலைமையிலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. “அதைப் பிரிச்சா அர்த்தமே மாறிடும்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பௌதிகப் புத்தகம், சில்லு, கருவி, பாதி விலை. மச்சானிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி பக்கம் திரும்பும் தைரியம் வரவில்லை.

குடையை மடக்கிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்போ பேங்க்ல ஒண்ணும் இல்ல.”

“இல்ல.”

“நாலு வருஷம் அரைச்சதுல பாதி போச்சு.”

“பாதிக்கு மேல போச்சு. உனக்குப் பெரிய மிஷினா வாங்கிக் கொடுக்கணும்னுதான்...”

அவள் குடையின் கைப்பிடியை முந்தானையால் துடைத்தாள். அதிலும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது.

“சரி. மிச்சம் இருக்கிறதை வாங்கிக்கிட்டு வாங்க. புதுசைத் திருப்பி அனுப்பிடலாம். பழசு இன்னும் ரெண்டு வருஷம் ஓடும், நான் ஓட்டிக்கிறேன்.” எழுந்து நின்றாள். “ஆனா ஒண்ணு. இனிமே உங்க கையில காலி டப்பாகூடக் கொடுக்க மாட்டேன்.”

ஒற்று தலையை ஆட்டினார். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் மட்டும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறை முன்னாலிருந்து பின்னால். ஒரு முறை பின்னாலிருந்து முன்னால்.

“எதை விக்கணும்னு சொன்னீங்க சார்?”

“அரைக்கடத்திக் கருவி.”

“அப்படி ஒண்ணும் உங்க பேர்ல இல்லையே.”

ஒற்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். “இல்லையா? என் கையால எழுதிக் கொடுத்தேனேம்மா.”

“எழுதினதை வெச்சுத்தானே சார் வாங்கினேன்” என்று அம்மாள் இழுப்பறையைத் திறந்து, ஆறு மாதக் காகிதத்துக்கு அடியிலிருந்து அந்தப் படிவத்தை உருவி எடுத்தார். மேஜையெல்லாம் தேடிவிட்டு, நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

“‘அரைக்க’ன்னு மேல் வரியில இருக்கு, ‘டத்திக் கருவிகள் செய்வதில் முதலிடத்தில்’னு கீழே இருக்கு. டத்தின்னா என்னன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல, அரைக்கன்னு தெளிவா இருந்துச்சேன்னு ரெண்டு தடவையும் பச்சை மிஷின் கம்பெனியையே வாங்கிப் போட்டேன், ஏன் சார், ஏதாவது பிழையா?”